ஆற்றுக்கு அடியில் காற்றுக்குக் காசு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் லாரி வைத்துத் தேங்காய் ஏற்றிப் பிழைத்தவர்களுக்குச் சாலையில் பணம் கட்டுவது என்றாலே காத்திருப்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் சரக்கு வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. அந்தச் சாவடி ஒழிந்தாலும், கொச்சிக்குப் போகிற வழியில் பாலியேக்கரை டோல் 2012 முதலே இருந்தது; வடக்கஞ்சேரிக்கு அருகே பன்னியங்கரை டோல் 2022 மார்ச்சில் சேர்ந்துகொண்டது. ஆகவே, ஜெர்சி சிட்டியில் குடியிருக்கும் மகள் வீட்டிலிருந்து நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குள் போக, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் செல்லும் ஹாலண்ட் சுரங்கப்பாதையின் பக்கம் மாப்பிள்ளை காரைத் திருப்பியபோது, எங்கே நிறுத்துவார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்பதிலேயே என் கவனம் இருந்தது.

எங்கேயும் நிறுத்தவில்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அங்கே ரொக்கம் வாங்குவதை விட்டுவிட்டார்கள். நம் ஃபாஸ்டேகைப் போன்ற ஈசி பாஸ் என்ற சிறு கருவி முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது; அது இல்லாத வண்டியின் எண் பலகையைக் கேமரா படம் எடுத்துக்கொள்ள, கூடுதல் தொகைக்கான பில் தபாலில் வீட்டுக்கு வருகிறது. நகரத்துக்குள் நுழையும்போது மட்டுமே கட்டணம். திரும்பி வரும்போது ஒரு சல்லிக்காசும் இல்லை. 1970 முதல் இதுதான் வழக்கம். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் எப்படியும் திரும்பி வரத்தான் வேண்டும் என்பதால், இரண்டு திசையிலும் வண்டிகளை மறித்து வசூலிப்பதைவிட ஒரே திசையில் மொத்தமாக வாங்கிவிடுவது எளிது. நம் ஊர்ச் சாவடிகளில் இதை யோசித்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் வாயிலை எடுத்துவிட்டதால் வரிசையும் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பல தடங்களில் வந்து சேரும் வண்டிகள் அனைத்தும் கடைசியில் இரண்டே தடங்களுக்குள் அடங்க வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, பக்கத்து வண்டிக்கு இடம் கொடுத்தும் கொடுக்காமலும் ஊர்ந்துதான் வாயை அடைந்தோம். உள்ளே நுழைந்த பிறகு தடம் மாறக் கூடாது. ஓரமாக ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. வெள்ளை ஓடு பதித்த சுவர்களுக்கு நடுவே சாலை மெல்லச் சரிந்து, நீர்மட்டத்துக்குக் கீழே 93 அடி வரை இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. திசைக்கு ஒன்றாக உள்ள இரண்டு குழாய்களில் நாங்கள் போன தெற்குக் குழாயின் நீளம் 8,371 அடி, அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க மாப்பிள்ளை" என்றேன்.

"புகை வாடை அடிக்குமே மாமா" என்று தயங்கியபடி இறக்கினார்.

முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றிருந்தும், நான் எதிர்பார்த்த அளவுக்குப் புகை இல்லை. அந்தச் சுரங்கத்தின் உண்மையான சாதனை அதுதான் என்பது பிறகு படித்தபோது விளங்கியது. ஆற்றுக்கு அடியில் குழாய் பதிப்பது 1920-களில் புதிய வித்தை அல்ல. அதே ஹட்சனுக்கு அடியில் 1908-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டி கக்கும் கார்பன் மோனாக்சைடை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு எவ்வளவு இருந்தால் மனிதன் தாங்குவான் என்பதை அறிய, யேல் பல்கலைக்கழகத்தில் மூடிய அறைக்குள் தாமாக முன்வந்த ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். பத்தாயிரத்தில் நான்கு பங்கு வரை பாதகமில்லை என்று முடிவு கட்டி, அந்த எல்லையைத் தாண்டாதபடி காற்றோட்டத்தை வடிவமைத்தார்கள்.

குழாயின் குறுக்கு வெட்டு வட்டமாக இருப்பதால் சாலைத் தளத்துக்குக் கீழே ஓர் இடைவெளியும் கூரைக்கு மேலே ஓர் இடைவெளியும் கிடைக்கின்றன. கீழ் இடைவெளி வழியாக வரும் புதிய காற்று சாலையோரத் துளைகளில் வெளிப்பட, கெட்ட காற்றைக் கூரையிலுள்ள திறப்புகள் நம் பழைய வீட்டு அடுப்படிப் புகைபோக்கியைப் போல மேலே இழுத்துக்கொள்கின்றன. இதற்காக நான்கு கட்டடங்களில் 84 பெரிய விசிறிகளை நிறுவினார்கள். அந்தக் கட்டடங்களில் இரண்டு ஆற்றுக்குள்ளேயே நிற்கின்றன. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை சுரங்கத்தின் காற்று முழுவதையும் மாற்றிவிடக்கூடிய ஏற்பாடு அது.

இந்த வேலைக்குக் கொடுத்த விலையும் பெரிது. தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலண்ட், இரு கரையிலிருந்தும் தோண்டி வந்த குழாய்கள் சந்திப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 1924 அக்டோபரில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் காலமாக, ஓலே சிங்ஸ்டாட் பணியை முடித்தார். 1927 நவம்பர் 13 அன்று பாதை திறக்கப்பட்டபோது காருக்கு 50 சென்ட் கட்டணம். 2025-இல் நெரிசல் நேரத்துக்கு 16 டாலருக்குச் சற்று மேல் ஆகியிருக்கிறது.

பாலக்காடு–திருச்சூர் நெடுஞ்சாலையிலுள்ள நம் குதிரான் சுரங்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பீச்சி–வாழானி வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், குழாய்க்கு மூன்று தடங்களாக அமைந்த இரட்டைச் சுரங்கம் அது; முதல் குழாய் 2021 ஜூலை 31-இலும் மற்றது 2022 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. அங்கே கூரையில் தொங்கும் விசிறிகள் காற்றை நீளவாக்கில் தள்ளுகின்றன. அந்த நீளத்துக்கு அது போதும். தீப்பிடித்தால்தான் இரு முறைகளின் வேறுபாடு தெரியும். நீளவாக்கில் தள்ளும்போது புகை சுரங்கத்தின் வழியே ஓடுகிறது. ஹாலண்டில் எழுந்த இடத்திலேயே மேலே இழுக்கப்படுகிறது. 1949 மே மாதம் கார்பன் டைசல்ஃபைடு ஏற்றிய லாரி ஒன்று உள்ளே தீப்பற்றியபோது 66 பேர் காயமுற்றனர். பின்னர் உயிரிழந்தவர் தீயணைப்பு வீரர் ஒருவர். குதிரானில் இரண்டாவது குழாய் திறந்த அதே மாதத்தில் ஒரு டிப்பர் லாரி தன் பெட்டியை இறக்காமலே உள்ளே ஓடி, நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை உடைத்துவிட்டுப் போனது. எப்படிப்பட்ட சுரங்கத்தைக் கட்டினாலும் ஓட்டுகிறவனையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பாதி வழியில் ஒரு கோடும் அதன் இருபுறமும் இரண்டு மாநிலங்களின் பெயர்களும் சுவரில் எழுதப்பட்டிருப்பதை மாப்பிள்ளை காட்டினார். வாளையாற்றில் எல்லை தாண்டியே வளர்ந்தவன் என்பதால், சோதனைச்சாவடியும் காக்கிச் சட்டையும் இல்லாத மாநில எல்லையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மன்ஹாட்டனில் வெளியே வந்ததும் இன்னொரு கட்டணம் இருந்தது. 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் கார்களுக்கு 2025 ஜனவரி 5 முதல் பகல் நேரத்தில் 9 டாலர் விதித்திருக்கிறார்கள்; சுரங்கக் கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கு அதில் 3 டாலர் வரை கழிவு உண்டு. நெரிசலைக் குறைக்கவே இதை வாங்குவதாக வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதே 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், நெரிசல் தீராத சாலைக்குக் கட்டணம் எதற்கு என்ற கேள்வியின் பேரில் பாலியேக்கரை வசூலை நிறுத்திவைத்தது. அக்டோபரில்தான் மறுபடியும் அனுமதித்தது. அங்கே நெரிசல் இருப்பதால் கட்டணம், இங்கே நெரிசல் இருப்பதால் கட்டணமில்லை. இரண்டில் எனக்குப் பாலியேக்கரைத் தீர்ப்பே நியாயமாகப் படுகிறது. நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு ரயிலுக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பு அநேகமாக இல்லை. மாப்பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. வேலைக்குப் போகும்போது அவர் காரைத் தொடுவதே இல்லை. அந்த 1908-ஆம் ஆண்டு ரயில் குழாய்களின் வழியாகத்தான் ஆற்றைக் கடக்கிறார்.