கோரோவின் தலையில் ஒரு ஏரி

ஜனவரி 4, சனி

நியூசிலாந்தின் ருவாபேஹு எரிமலையுச்சி ஏரியைப் பார்க்கப் போவதென்று இன்று முடிவாகிவிட்டது. ஆக்லாந்துக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வெலிங்டன் போகும்போதெல்லாம் டெசர்ட் ரோட்டில் காரை ஓரங்கட்டி அந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். சாலையிலிருந்து பார்த்தால் பனி தெரியும், பாறை தெரியும், ஏரி தெரியாது. எரிமலையின் வாயிலேயே தேங்கி நிற்கும் அந்த ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும்.

மகளுக்கு 14 வயது. பள்ளியில் எரிமலைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கோடை விடுமுறை முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

தனியாகப் போவதில்லை என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பனிச்சறுக்கு மைதானத்துக்கு மேலே குறியிட்ட பாதை எதுவும் கிடையாது. மேகம் இறங்கிவிட்டால் எந்த முகட்டில் நிற்கிறோம் என்றே தெரியாதாம். கைடு வைத்துக்கொண்டு, ஒரே நாளில் போய்த் திரும்புவது. ஈவிகாவ் கிராமத்திலிருந்து நடந்தால் போக வர சுமார் 7 மணி நேரம். அந்தக் கிராமம் 1,630 மீட்டரில் இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் 'டோம்' முகடு 2,672 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637தான்! தொட்டபெட்டாவுக்குக் காரில் போய் இறங்கி பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறேன். இங்கே ஆயிரம் மீட்டரையும் காலால்தான் ஏற வேண்டும்.

ஜனவரி 8, புதன்

இரவு சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "ஃபகாரியை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இந்த நாட்டில் யாரும் மறக்க முடியாது. 2019 டிசம்பர் 9 அன்று ஃபகாரி தீவின் எரிமலை வெடித்தபோது 47 பேர் அந்தத் தீவில் இருந்தார்கள். 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோரும் பணம் கட்டி, வழிகாட்டியோடு, ஒரு நாள் சுற்றுலாவாகப் போனவர்கள்தான். எனவே கைடு இருக்கிறார் என்பது மட்டும் அவளுக்கான பதில் ஆகாது.

சாப்பிட்டு முடித்து இருவரும், எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் அமைப்பின் இணையப் பக்கத்தை உட்கார்ந்து படித்தோம். எரிமலை எச்சரிக்கை அளவு 0 முதல் 5 வரை. ருவாபேஹு வழக்கமாக 1-இல்தான் இருக்கும், 0-வுக்குப் போவதில்லை. உயிருள்ள எரிமலை, சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் 2-க்கு ஏற்றினார்கள். அப்போது உச்சிப் பகுதிக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. ஜூலையில்தான் மறுபடி 1 ஆனது. ஃபகாரி வெடித்த அன்று அங்கே அளவு 2. அதற்கு மூன்று வாரம் முன்பே 1-லிருந்து ஏற்றிவிட்டார்கள். சுற்றுலா மட்டும் நிற்கவில்லை.

அளவு 1 என்றால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. 2007 செப்டம்பர் 25 இரவு ருவாபேஹு முன்னறிவிப்பு ஏதுமின்றி வெடித்தது. டோம் முகட்டில் இருந்த சிறு தங்குமிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரின் கால் பாறையில் நசுங்கியது. நண்பர் இருட்டில் இறங்கிப் போய் உதவி கேட்டதால் உயிர் பிழைத்தார். ஒரு காலை இழந்தார். இதை அவளிடம் மறைக்கவில்லை. மறைத்துவிட்டு ஒருவரை மலைக்குக் கூட்டிப்போவது சரியில்லை.

கடைசியில் அவளே ஒரு வரம்பு போட்டாள். அளவு 2 ஆனால் அன்றே ரத்து. 1 என்றாலும் முகட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கைடுடன் போனில் பேசினேன். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த மவோரிப் பெண்மணி; மவோரிகள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். நான் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். கடைசியாக எப்போது ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடந்தீர்கள்? மகளுக்கு ஆஸ்துமா உண்டா? முழங்கால் எப்படி? கந்தக நெடி பட்டால் மூச்சுத் திணறுமா? இவ்வளவு கேட்கிறாரே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

உடை விஷயத்தில் கறாராக இருக்கிறார். பருத்தி கூடாது, ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பிப்ரவரியில்கூடக் கையுறையும் குல்லாவும் வேண்டும். ஷூவில் மாட்டும் இரும்பு முட்கள் தேவைப்பட்டால் அவரே கொண்டுவருவார்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். சைரன் ஒலித்தால் கீழ்நோக்கி ஓடக்கூடாது. பள்ளத்தை விட்டுப் பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். ஏரி பொங்கி வழிந்தால் சேறும் பாறையும் கலந்த வெள்ளம் பள்ளங்கள் வழியாகத்தான் இறங்கும். அதற்கு லாஹார் என்று பெயர். போனை வைத்ததும் மகளைக் கூப்பிட்டு இதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

பிறகு அவர் குரலை மாற்றிக்கொண்டு சொன்னது: "மலை எங்களுக்குக் கோரோ." கோரோ என்றால் தாத்தா. மவோரிகளுக்குத் தலை புனிதம், யாருடைய தலையையும் சட்டென்று தொட்டுவிடக்கூடாது. அதனால் அவர் யாரையும் சிகரங்களின் உச்சியில் ஏற்றுவதில்லை. ஏரிக்கரைக்கும் இறக்குவதில்லை. முகட்டில் நின்று பார்க்கலாம், நீரைத் தொடக்கூடாது. ஏரியின் பெயர் டெ வை ஆ-மோயே. 'வை' என்றால் நீர்.

திருவண்ணாமலையில் மலையையே சாமியாகச் சுற்றி வந்தவர்களின் பேரன் நான். இதில் எனக்கு விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பயிற்சிக்காகப் படகேறி ரங்கிடோட்டோ தீவுக்குப் போனோம். அதுவும் எரிமலைதான். வெறும் 259 மீட்டர். கறுத்த எரிமலைக் கற்கள் காலடியில் நொறுநொறுவென்று உடைந்தன. மகள் முன்னால் ஓடினாள். எனக்குப் புது ஷூ வலது குதிகாலில் கடித்து, இறங்கும்போது கொப்புளம். இனி மூன்று வாரமும் அலுவலகத்துக்கு இந்த ஷூவோடுதான் போவேன்.

ஜனவரி 26, ஞாயிறு

திருச்சிக்குப் பேசும்போது அப்பாவிடம் மலையைப் பற்றிச் சொன்னேன். அந்த ஏரியால் நடந்த டாங்கிவை ரயில் விபத்தையும் சொன்னேன். 1945-இல் வெடித்தபோது குவிந்த சாம்பலும் கல்லும் ஏரிக்கு அணைபோல் நின்றன. 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அது உடைந்தது. வெள்ளம் ஃபங்காயெஹு ஆற்றில் பாய்ந்து ரயில் பாலத்தை அரித்தது. வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 285 பேரில் 151 பேர் போனார்கள். டாங்கி என்றால் அழுகை. டாங்கிவை என்றால் அழும் நீர். விபத்துக்கு முன்பே அந்த இடத்துக்கு அதுதான் பெயர்.

இறந்தவர்களில் ஒரு பெண், பாப் பிளேர் என்ற நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளருக்கு நிச்சயிக்கப்பட்டவர். பிளேர் அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும், பிளேர் ஆட வரமாட்டார், இன்னிங்ஸ் முடிந்ததென்று எல்லாரும் திரும்ப, பிளேர் மட்டையோடு இறங்கி வந்தார். எதிர்முனையில் தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு பெர்ட் சட்க்ளிஃப்.

"சட்க்ளிஃபா? மெட்ராஸுக்கு வந்து ஆடினவராச்சே!" என்றார் அப்பா. 1956 ஜனவரியில் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 அடித்தது இந்த நியூசிலாந்து அணிக்கு எதிராகத்தான். அப்பாவுக்கு அப்போது 10 வயது. பெரியப்பா நேரில் பார்த்துவிட்டு வந்து ஒரு மாசம் அதையே பேசினாராம். ஆனால் ரயில் கதையை அப்பா இதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "பார்த்துப் போங்கப்பா" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த நாட்டின் தேசிய நாளான வைட்டாங்கி தின விடுமுறை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், சனிக்கிழமை ஏறுகிறோம். எச்சரிக்கை அளவு 1. மனைவி புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறாள். குளிரில் விறைக்காமல் இருக்க நல்லெண்ணெய் கூடுதலாக விட்டிருக்கிறாள். மலை வானிலை அறிக்கையை மணிக்கொரு தடவை பார்க்கிறேன். மழை இல்லை. காற்றுதான் சந்தேகம்.

பிப்ரவரி 8, சனி

காலை 5:30-க்கு கைடு அழைத்தார். 2,500 மீட்டருக்கு மேல் காற்று மணிக்கு 70 கிலோமீட்டராம். "இன்னிக்கு வேண்டாம்." அவர் குரலில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை. விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது. உச்சியிலிருந்து மட்டும் தூசியும் மேகமும் கிழக்கே கிழிந்து பறக்கின்றன. மகள் கண் கலங்கிவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. கீழே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

புளியோதரையைக் கட்டிக்கொண்டு டாங்கிவைக்கு வண்டியை விட்டோம். 49-ஆம் நெடுஞ்சாலையோரம் நினைவுச்சின்னம். பெயர்களை நின்று படித்தோம். 1953-இல் அந்த இரவு, தபால் ஊழியர் ஆர்தர் எல்லிஸ் ரயிலை எச்சரிக்க டார்ச் விளக்கை ஆட்டியபடி தண்டவாளத்தில் அதை நோக்கி ஓடியதை மகளுக்குச் சொன்னேன். 1995, 96 வெடிப்புகளில் மறுபடி அதேபோல ஓர் அணை குவிந்தது. 2007 மார்ச் 18 அன்று அது உடைந்தபோது எச்சரிக்கைக் கருவி ஒலித்து, ரயிலையும் சாலையையும் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். ஃபங்காயெஹு அந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. நீர் சாம்பல் நிறத்தில், லேசான மஞ்சள் சாயலோடு ஓடியது. கரைக் கற்களிலும் அதே மஞ்சள் படிந்திருந்தது. நெருப்புக்குச்சி உரசினாற்போல் ஒரு நெடி. ஆற்றோரம் குந்தி உட்கார்ந்த மகள் கையை நீட்டினாள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினாள்.

"இது கோரோவோட ஏரித் தண்ணிதானேப்பா?"

"ஆமாம்மா."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். புளியோதரையைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிப்ரவரி 10, திங்கள்

மார்ச் 15 சனிக்கிழமை கைடுக்குத் தோதுப்படுகிறது. பள்ளிக்கும் இடையூறு இல்லை. முன்பணத்தை அந்தத் தேதிக்கே மாற்றிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் பனித்திட்டுகள் இன்னும் குறைந்திருக்கும், சரளைக்கல் அதிகம் சறுக்கும், ஆளுக்கு ஒரு ஊன்றுகோல் கொண்டுவாருங்கள் என்றார். குதிகால் ஆறிவிட்டது.