பின்வளவில் மேப்பிள் சிரப் காய்ச்சுவது

ஒன்ராறியோவில் மேப்பிள் சாறு ஓடுவது பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, சில வாரங்கள்தான். இரவு −5 பாகை அளவுக்கு இறங்கிப் பகலில் +5க்கு ஏற வேண்டும். உறையும்போது மரம் நீரை மேலே இழுக்கும். உருகும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை இருக்கும் இடத்தில் சாறு வெளியே வரும். இரவு உறையாத வாரத்தில் வாளி காய்ந்தே கிடக்கும். அதனால் கலண்டரை விட்டுவிட்டு வானிலையைப் பாருங்கள்.

சுகர் மேப்பிளின் சாற்றில் சுமார் 2 சதவீதம் சீனி இருக்கும். சிவப்பு, சில்வர், மனிற்றோபா மேப்பிள்களிலும் எடுக்கலாம். பெரும்பாலும் சீனி குறைவு, கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். இலை இருக்கும்போதே மரத்தை அடையாளம் கண்டு நாடா கட்டி வைப்பது நல்லது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 95 செ.மீ. இருந்தால் ஒரு துளை, 140க்கு மேல் இரண்டு. 95ஐவிடச் சிறிய மரத்தை விட்டுவிடுங்கள், அது வளரட்டும். வீதியோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் அநேகமாக நகரசபையுடையது, தொடக்கூடாது.

5/16 அங்குல ட்ரில் பிட்டால் 4 செ.மீ. ஆழம், சற்று மேல்நோக்கிச் சாய்த்துத் துளையுங்கள். வெளியே வரும் தூள் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பழுப்பாக வந்தால் அது செத்த மரம், சாறு வராது. பழைய துளையிலிருந்து பக்கவாட்டில் 15 செ.மீ.யாவது தள்ளிப் போடுங்கள். சாறு வடியும் குழாயைத் துளையில் செருகிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள்; ஓங்கி அடித்தால் மரம் வெடித்து, சாறு குழாயைச் சுற்றி ஒழுகும். மழைநீர் விழாமல் வாளிக்கு மூடி அவசியம்.

சாறு பாலைப் போலக் கெடும். குளிரில் வைத்து, சில நாட்களுக்குள் காய்ச்சிவிடுங்கள். காலையில் வாளியில் மிதக்கும் பனிக்கட்டியைத் தூக்கி எறியலாம். அதில் பெரும்பகுதி வெறும் நீர், எறிந்தால் விறகு மிச்சம்.

40 லீற்றர் சாற்றுக்கு ஒரு லீற்றர் சிரப். மீதி 39 லீற்றரும் ஆவியாகப் போக வேண்டும். இதைக் குசினியில் செய்தால் சுவரெல்லாம் ஈரமாகிப் பெயின்ற் உரியும். ஆகவே வெளியே, அகலமான ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தட்டத்தில், விறகிலோ புரொபேன் அடுப்பிலோ காய்ச்சுங்கள். 5 செ.மீ. ஆழத்துக்குக் கீழே இறங்கவிடாமல் புதுச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஆழம் குறைந்தால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் மணத்தை எதுவும் போக்காது. நுரை பொங்கினால் நகக்கண் அளவு பட்டர் போதும்.

எல்லாம் கூடுவதும் கெடுவதும் கடைசிக் கட்டத்தில்தான். நிறம் அடர்ந்து, குமிழி சிறிதாகும்போது சின்னச் சட்டிக்கு மாற்றி உள்ளே கொண்டுவந்து, தெர்மோமீற்றரோடு பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 பாகை கூட வந்ததும் சிரப் தயார். புத்தகத்தில் 104 என்றிருக்கும். ஆனால் காற்றழுத்தத்தைப் பொறுத்துக் கொதிநிலை மாறும், தெர்மோமீற்றரும் பிசகும். அதனால் அன்றைக்கே வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அளந்து, அதோடு 4ஐக் கூட்டுங்கள். 102க்குப் பிறகு வேகமாக ஏறும். முன்பே இறக்கினால் நீர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்; கம்பிப்பதம் வரை விட்டால் போத்தலின் அடியில் சீனி கட்டியாகும்.

சூடாக இருக்கும்போதே தடித்த கம்பளி வடிகட்டியில் வடியுங்கள். அடியில் மணல்போல் படிவது மரத்தின் தாதுப்பு. உடலுக்குக் கெடுதி இல்லை, ஆனால் நாக்கில் நெருடும். மெல்லிய துணி அதைப் பிடிக்காது. 85 பாகையில் போத்தலில் நிரப்பி மூடி, ஒரு நிமிடம் சரித்து வைத்தால் மூடியின் உட்புறமும் சுத்தமாகும். திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மொட்டு வீங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் சாறு என்ன செய்தாலும் வேண்டாத மணம் அடிக்கும். குழாயைக் கழற்றியபின் துளையை மெழுகாலோ கட்டையாலோ அடைக்க வேண்டாம், மரம் தானாக மூடிக்கொள்ளும்.