மெலடோனின் சினைமுட்டையைக் காப்பாற்றுமா?

39 வயதில் குழந்தைக்கு முயற்சி செய்பவளிடம் எல்லோரும் ஏதாவது மருந்து சொல்வார்கள். இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸ் அக்கா சொன்னது மெலடோனின், இரவில் நம் உடலே சுரக்கும் ஒரு ஹார்மோன். சாங்கியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் எனக்கு அது தூக்கத்துக்கான மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் படிக்கப் படிக்க விஷயம் பெரிதாக இருந்தது.

நம் முட்டைகள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. என் முட்டைக்கும் என் வயதுதான். இத்தனை வருடம் காத்திருக்கும்போது அதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் பிரிவதில் பிழை கூடுகிறது. ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருள்கள் செல்லை அரிக்கும் ஆக்சிஜனேற்றச் சிதைவுக்கும் இதில் பங்கு உண்டு. முட்டையைச் சூழ்ந்த திரவத்தில் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக மெலடோனின் இருக்கிறது. அது அந்தச் சிதைவைத் தடுக்கும் பொருள். எலிகளில் நீண்ட நாள் கொடுத்தபோது சினைப்பை மூப்படைவது தாமதமானது.

அப்புறம் மனிதர்கள். 2008-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், முந்தைய ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே முட்டையைக் கருவுறச் செய்யும் சிகிச்சை) சுற்றில் முட்டைகள் கருவுறுவது குறைவாக இருந்த பெண்களுக்கு இரவில் 3 மில்லிகிராம் கொடுத்தார்கள். முட்டை கருவுறும் விகிதம் கூடியது. கர்ப்பம் கூடியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2018-இல் 160 பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையிலும் கர்ப்ப விகிதத்தில் தெளிவான பலன் இல்லை.

எனக்கு இது ஏமாற்றம்தான். இழந்த முட்டைகளை எந்த மாத்திரையும் திருப்பித் தராது, மாத்திரை விற்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். இரவு வெளிச்சம் உடலின் சொந்த மெலடோனினையே அடக்கிவிடும் என்பதால், பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். மாத்திரை வேண்டுமா என்பதை அடுத்த சந்திப்பில் டாக்டரம்மாவிடம் கேட்பேன்.