அஜெண்டாவில் ஒரு எண்

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரின் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டு மாதாமாதம் கூட்ட அஜெண்டாவை இணையத்தில் போடும். அதன் கடைசிப் பக்கங்களில், வெளியே சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். பெயர் கிடையாது. மாணவர் எண், பள்ளி, ஊர் கட்டும் வருடக் கட்டணம், அவ்வளவுதான். அதில் 98,000 டாலர் என்ற வரி என் மகனுடையது. வயது பதினொன்று. பேச்சு வரவில்லை, வலிப்பு உண்டு, கையை விட்டால் ரோட்டுக்கு ஓடிவிடுவான்.

போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கத்தைத்தான் போனில் காட்டினார். "பாத்தீங்களா பாஸ், ஒரே பிள்ளைக்கு ஒரு லட்சம்! நம்ம ப்ராப்பர்டி டாக்ஸ் ஏன் ஏறாது?" அவர் விரல் எங்கள் வரிக்கு இரண்டு வரி மேலே நின்றது. அது யார் வீட்டுப் பிள்ளையோ.

அவருக்குக் கணக்கை மட்டும் சொன்னேன். தனியார் சிறப்புப் பள்ளிச் செலவு 55,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 75 சதவீதத்தை மாநிலம் திருப்பித் தர வேண்டும். 'எக்ஸ்ட்ராஆர்டினரி எய்ட்' என்று பெயர். பிள்ளையை ஊர்ப் பள்ளியிலேயே மற்றவர்களோடு வைத்துப் படிக்க வைத்தால் வரம்பு 40,000, பங்கு 90 சதவீதம். 2008ஆம் ஆண்டுச் சட்டம் இது. என் மகன் கணக்கில் 32,250 டாலர் வர வேண்டும். ஆனால் பட்ஜெட்டில் இதற்கென ஒரு தொகையைத்தான் ஒதுக்குவார்கள். எல்லா ஊர்களும் கேட்பது அதைவிட அதிகம் என்றால், ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பார்கள். அதுவும் பள்ளி வருடம் முடிந்த பிறகு. மத்திய அரசோ 1975இல், சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு நாடு சராசரியாகச் செலவழிப்பதில் 40 சதவீதம் வரை தருகிறோம் என்றது. இன்று அதில் பாதிகூட வருவதில்லை.

மிச்சமெல்லாம் ஊர் தலையில். பிள்ளைக்குத் தேவையானதைப் பணமில்லை என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. சொத்து வரியையும், சில விலக்குகள் போக, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அப்புறம் இசை வகுப்பில் கை வைக்கிறார்கள், பஸ்ஸைக் குறைக்கிறார்கள். மாநிலம் தராமல் விட்டது எந்த அஜெண்டாவிலும் இப்படி வரிவரியாக வராது. என் பையனின் எண்தான் வரும்.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றார். ஆனாலும் போனை மூடவில்லை.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "நம்ம பையனும் அதுல இருக்கான்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"பையனோட படிப்புத் திட்டம் பேசற ஐஇபி மீட்டிங்ல ஸ்கூல்காரங்ககிட்ட பத்து தடவை தேங்க்யூ சொல்வீங்களே, அதே ஆளுதானே நீங்க. என்னமோ அவங்க வீட்டுக் காசு மாதிரி." சொல்லிவிட்டு, காலை வேனுக்கு அவன் சட்டையை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

சொல்லியிருக்கலாம். வர்ற ஞாயிறும் அவர் அந்த வாசலில்தான் நிற்பார்.