77-க்கு அடியில் 66: ஒரு கிலோமீட்டர் கல்லோடு மூன்று மாதம்

மூன்று மாதமாக என்னை அலைக்கழித்த கிலோமீட்டர் கல் சென்ற சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஒருவழியாகப் பணிந்தது. அதன் மஞ்சள் தலையில் கறுப்பு எழுத்தில் தெரியும் 77 என்ற நெடுஞ்சாலை எண்ணுக்குக் கீழே, குறைந்தது இரண்டு பூச்சுகளுக்கு அடியில், பழைய எண்ணான 66 இன்னும் இருக்கிறது என்பதைக் கல்லைச் சுரண்டாமல், ஒரு சிராய்ப்பும் ஏற்படுத்தாமல், படமாகவே எடுத்துவிட்டேன். பெருமையடித்துக்கொள்ள இது போதும் என்பதால், பாதி வேலை பாக்கியிருக்கும்போதே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

கல் நிற்பது கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலையில், செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலைப் பக்கம் போகும் பகுதியில், வளைவை நேராக்கியபோது ஒதுங்கிப்போன பழைய சாலைத் துண்டு ஒன்றின் ஓரத்தில். இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல மாட்டேன்; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கல்லின் இடத்தை நல்லெண்ணத்தோடு சிலரிடம் சொல்லி வைத்தேன், அடுத்த முறை போனபோது கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. யாருடைய பண்ணை வீட்டுத் தோட்டத்தில் அது இப்போது நிற்கிறதோ தெரியாது.

2010-இல் தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் எண் மாறியபோது நம் பக்கத்தில் நடந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சாலையுடையதுதான். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வரை போன பழைய 66, திண்டிவனத்தோடு வெட்டுப்பட்டு 77 ஆயிற்று. திண்டிவனம்–புதுச்சேரித் துண்டு சென்னையிலிருந்து கடலோரமாக இறங்கும் 32-க்குள் போய்விட்டது. கழற்றிய 66-ஐக் கொண்டுபோய் மேற்குக் கடற்கரையில், பன்வேலிலிருந்து கோவா, மங்களூரு, கொச்சி வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் சாலைக்கு மாட்டினார்கள். ஆகவே இந்தக் கல்லில் 66 என்று படிப்பவர் இன்றைய பட்டியலைப் பார்த்தால் கொங்கணக் கரையில் போய் நிற்பார். பழைய 7, 45, 47 ஆகியவற்றுக்கும் இதே கதிதான்: சென்னையிலிருந்து தெற்கே போகும் நம் ஜி.எஸ்.டி. சாலையின் 45 இன்று மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிய முறையைத் திட்டுபவர்கள் பழைய சாலைக் கற்களைத் தேடும் நம்மில் அதிகம். எனக்கு அந்தக் கோபம் இல்லை. இரட்டைப்படை எண்கள் வடக்கு–தெற்காகவும், ஒற்றைப்படை எண்கள் கிழக்கு–மேற்காகவும் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில்தான் அழகாகத் தெரிகிறது. வேலூரில் 75, திருவண்ணாமலையில் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோயம்புத்தூரிலிருந்து சிதம்பரத்துக்கு 81, நாகப்பட்டினத்துக்கு 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்கு 85, கடைசியில் இராமேஸ்வரத்துக்கு 87 என்று தெற்கே இறங்க இறங்கப் படிக்கட்டு மாதிரி எண் ஏறுகிறது. 45ஏ, 45பி, 45சி என்று வால் ஒட்டிக்கொண்டே போன பழைய முறையில் இந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் ஒழுங்கை ரசிப்பது வேறு, பழைய எண்ணைத் தேடுவது வேறு. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல் கருங்கல், சிமெண்ட் வார்ப்பு இல்லை. முகத்தில் ‘செஞ்சி 9’ என்பதில் 9 மட்டும் உளியால் வெட்டப்பட்டது. மற்றவை வண்ண எழுத்து. நெடுஞ்சாலை எண் தலைப்பகுதியில் இனாமல் வண்ணத்தால் எழுதப்பட்டது. தலையின் வலது ஓரத்தில் பெயர்ந்திருந்த ஒரு சில்லில் வெள்ளை, மஞ்சள், மீண்டும் வெள்ளை, மீண்டும் மஞ்சள் என்று அடுக்குகள் தெரிந்தன. கீழ் மஞ்சளில் எழுதிய எண்ணின் மேல் வெள்ளையடித்து, அதன் மேல் மஞ்சள் பூசி 77 எழுதியிருக்கிறார்கள் என்பது அங்கேயே ஊகமாகிவிட்டது. எண் மாறிய பிறகுதான் வளைவு நேராயிற்று என்பதற்கும் இந்தக் கல்லே சாட்சி. அதற்கு முன்பே சாலை ஒதுங்கியிருந்தால் 77 எழுத யாரும் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

முதலில் கல்வெட்டுக்காரர்கள் வழியில் மைப்படி எடுத்துப் பார்த்தேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மேப்லித்தோ தாள் வாங்கி, நனைத்து, கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பதித்து, கொஞ்சம் காய்ந்ததும் மையை ஒற்றினேன். உளியால் வெட்டிய 9 கறுப்பில் வெள்ளையாக அவ்வளவு தெளிவாக வந்தது; அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். தலைப்பகுதியில் மட்டும் ஒன்றுமே விழவில்லை. இரண்டாம் முறை தாளை மெலிதாக்கினேன், அது கிழிந்தது. மூன்றாம் முறை காற்று. யோசித்துப் பார்த்தால் தோல்விக்கு இரண்டு காரணங்கள். இனாமல் பூச்சு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதில்லை, அதனால் தட்டும்போதே தாள் வழுக்கி இறங்குகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பூச்சு எழுத்தின் மேடு தாளின் கனத்தைவிடக் குறைவு. தாள் அந்த மேட்டை உணர்வதே இல்லை. வெட்டெழுத்துக்கு ஏற்பட்ட முறையை வண்ண எழுத்திடம் கொண்டுபோனது என் தவறு.

பேனாக் கத்தியை எடுத்துச் சுரண்டினால் ஐந்து நிமிட வேலை என்று கூட வந்த நண்பர் சொன்னார். பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மேலே இருக்கும் 77-உம் இந்தக் கல்லின் வரலாறுதானே, அதை அழித்துவிட்டு 66-ஐ எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மிச்சமிருந்தது பக்கவாட்டு வெளிச்சம். சுவருக்கு ஒட்டினாற்போல் விளக்குப் பிடித்தால் பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும் என்பது வீட்டுக்கு வண்ணம் பூசியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கல்லில் அதைச் செய்து பார்த்தபோது ஒவ்வொன்றாகச் சிக்கல் முளைத்தது. ரிச்சி தெருவில் வாங்கிய முதல் டார்ச்சின் ஒளிவட்டத்துக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. படத்தில் அவையே பெரிய எழுத்து மாதிரி விழுந்து என்னை ஒரு வாரம் ஏமாற்றின. கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டினேன், வளையம் மறைந்தது, கூடவே நிழலும் மறைந்தது. கடைசியில் கறுப்புச் சார்ட் அட்டையைக் குழாயாகச் சுருட்டி டார்ச்சின் முகத்தில் மாட்டி, ஒளியின் நடுப்பகுதியை மட்டும் வெளியே விட்டதும் சரியாயிற்று. இந்த அட்டைக் குழாயைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு பயணம், அதாவது நான்கு முறை பெட்ரோல்.

அடுத்தது தூரமும் கோணமும். டார்ச் கல்லுக்கு மிக அருகில் இருந்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டுவிடுகிறது. கல்லின் அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளத்துக்கு ஒரு சணல் கயிறு வெட்டி, ஒரு முனையைக் கல்லின் நடுவில் நண்பர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் டார்ச்சை வைத்துக்கொண்டு, கடிகார முகம் போல மூன்று மணி, நான்கரை மணி, ஆறு மணி என்று எட்டு இடங்களில் நின்று எட்டுப் படங்கள் எடுத்தோம். ஆறு மணிக்குத் தரையில் படுக்க வேண்டும்; நெருஞ்சி முள் இருக்கும் இடத்தில் இது இலேசான காரியமில்லை. கோணம் கல்லின் முகத்துக்குப் பத்துப் பாகைக்கு மேல் போனால் எழுத்து மறைந்துவிடுகிறது. கைபேசி முக்காலியில் அசையாமல் இருக்க வேண்டும், வெளிச்ச அளவைப் பூட்டிவிட வேண்டும். புதிய சாலையில் திரும்பும் ஒவ்வொரு லாரியின் முகப்பு விளக்கும் இந்தப் பக்கம் ஒரு துடைப்பு துடைத்துவிட்டுப் போகும், எடுத்த படம் வீண்.

எட்டையும் தனித்தனியாகப் பார்த்தபோதும் 77-தான் கண்ணை மறைத்தது, ஏனென்றால் கறுப்பு எழுத்தின் நிறம் எந்தக் கோணத்திலும் கறுப்புத்தான். மூன்று மணிப் படத்தையும் ஒன்பது மணிப் படத்தையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். நிறம் இரண்டிலும் ஒன்றே என்பதால் அது அடிபட்டுப் போகிறது. நிழல் மட்டும் பக்கம் மாறுவதால் அது நிற்கிறது. 77 மங்கலான சாம்பலாகப் பின்வாங்க, அதன் கூர்மையான விளிம்புக்கு நடுவே வழவழப்பாக, இரண்டு வட்ட வயிறுகள் எழுந்து வந்தன. வலப்பக்க 7-இன் சாய்ந்த கால் சரியாக ஒரு வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அது 8 ஆக இருக்கலாமோ என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். மேல் வளைவு வலப்பக்கம் திறந்திருப்பதைப் பன்னிரண்டு மணிப் படம் காட்டிக்கொடுத்தது. 2009-இல் இதே சாலையில் பேருந்து ஜன்னலிலிருந்து நான் எடுத்த ஒரு படத்தில் இதே மாதிரி தாழ்ந்த வயிற்றோடு, மேலே சிறு கொக்கியோடு எழுதிய 66 இருக்கிறது. ஒரே கை என்றே நினைக்கிறேன்.

இரவில் சாலையோரம் கயிறு பிடித்து அளப்பவர்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு வந்து, “சார், ரோடு இன்னும் எடுக்கப் போறீங்களா? எங்க திண்ணை போயிடுமா?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா, பழைய நம்பர் தேடுறோம்” என்றேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துவிட்டு, “நம்பரு எதுவா இருந்தா என்ன, இது திருவண்ணாமலை ரோடுதானே” என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது பகலில் வரச் சொன்னார். அந்தச் சாலையில் ஓட்டுநர், நடத்துனர், டீக்கடைக்காரர் யாரும் 66 என்றோ 77 என்றோ சொல்லி நான் கேட்டதில்லை.

இடையில் என் இன்னொரு சேகரிப்பான சுங்கச் சீட்டுத் தொகுப்பைப் பற்றியும் ஒரு வரி. 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு காகிதச் சீட்டு அரிதாகிவிட்டது, பழையவை வெப்பத்தாள் என்பதால் நிறம் போகின்றன. சாவடியின் பெயர், பகுதி, கிலோமீட்டர், சிலவற்றில் பழைய நெடுஞ்சாலை எண் என்று நமக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டிச் சீட்டுகளில் என்னிடம் இருப்பவை எல்லாம் மைத்துனர் காரில் போனபோது கிடைத்தவை. நான் இருசக்கர வாகனக்காரன், எனக்குக் கட்டணமும் இல்லை, சீட்டும் இல்லை. வைத்திருப்பவர்கள் உடனே படமெடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியவைதான் என்னிடம் முதலில் வெளுத்தன.

செங்கத்துக்கும் ஊத்தங்கரைக்கும் இடையே இன்னும் ஐந்து கருங்கற்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டின் தலை முழுக்கச் சுண்ணாம்பு, அதில் பக்கவாட்டு வெளிச்சம் எடுபடுமா என்பது சந்தேகம். கிருஷ்ணகிரி முனை வரை போய்விட்டால் தருமபுரிப் பக்கமும் எட்டிப் பார்க்க ஆசை. அந்த வட்டாரத்தில் கிடைத்த, அதியமான் பெருவழி என்ற பழங்காலச் சாலையின் தூரக் கல்லில் நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் வெட்டியதோடு நிற்காமல், படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் போட்டிருக்கிறார்கள். இருட்டில் விரலை வைத்தே தூரத்தைப் படித்துவிடலாம். டார்ச், கயிறு, அட்டைக் குழாய் எதுவும் வேண்டாம். இராமேஸ்வரம் சாலையில் 49-ஐ 87-க்கு அடியில் தேடும் நண்பர் என் குழாயை இரவல் கேட்டிருக்கிறார். ஐந்து கல்லும் முடிந்த பிறகுதான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை அமாவாசை, முதல் இரண்டையும் அன்றே பார்த்துவிட எண்ணம்.