பெரிய டீச்சர் நிரப்பிய படிவங்கள்

சிறப்பு மலருக்குப் பெரிய டீச்சரைப் பற்றி எழுது என்று மெல்பர்ன் சங்கத்தில் சொன்னபோதே, "தியாகச் சுடர்", "ஏணிப்படி" என்றெல்லாம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். படித்தால் அவரே சிரிப்பார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அவர் டீச்சர், மனு எழுதித் தருபவர், புருஷன் பெண்டாட்டி சண்டையில் பஞ்சாயத்து பேசுபவர், அப்புறம் காசு வாங்காமல் திட்டுபவர்.

ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டிய அம்மாக்களுக்குப் பிள்ளைகளின் தலையைச் சீவிவிட நேரம் ஏது? பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் பரட்டைத் தலையோடுதான் பள்ளிக்கு வருவோம். டீச்சரின் அலமாரியில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் மரச் சீப்பும் இருக்கும். மணி அடிப்பதற்குள் எங்களை வரிசையாக உட்காரவைத்து இழுத்துப் பின்னி, ரிப்பன் இல்லாதவளுக்குப் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிவிடுவார். பின்னும்போதே வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், தடுமாறினால் சடை இறுகும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றால் எனக்கு இன்னமும் பிடரி இழுக்கிறது.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள் மலாய் பழக ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பில் போய்த் திணறக் கூடாது என்று சாயங்காலம் மலாய் வகுப்பு நடத்தினார், அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தோட்டத்துச் சனங்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவது வகுப்பறைக் கதையை அல்ல.

1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று ஆனதும் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பாடு திண்டாட்டம். பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டன. எங்கள் பாட்டியும் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டார். டீச்சர்தான் வந்து, "இங்க பொறந்த பேரப்பிள்ளைங்கள விட்டுட்டு எந்த ஊருக்குப் போறீங்க?" என்று சத்தம்போட்டு, குடியுரிமைப் படிவத்தை எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசற்படியிலேயே உட்கார்ந்து நிரப்பினார். நேர்காணலில் மலாயில் கேட்பார்களே என்று பாட்டிக்குத் தனி வகுப்பு வேறு. அடுப்பை ஊதிக்கொண்டே "நாமா சாயா, நாமா சாயா" (என் பெயர், என் பெயர்) என்று பாட்டி மனப்பாடம் செய்ததை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. நாங்கள் இங்கே கட்டுரை எழுதுகிற நிலைக்கு வந்ததற்கு அந்த அட்டையும் ஒரு காரணம்.

பிறப்புப் பதிவுக்குப் போகும் அப்பன்மார்களிடம் பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்து, "வாயத் தொறக்காதே, சீட்ட மட்டும் காட்டு" என்பார். சீட்டு இல்லாமல் போன வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா பெயரே வேறு வேறு எழுத்தில் இருக்கும். அதன் அவஸ்தை பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்று, அவை துண்டாடப்பட்ட சமயத்தில், நம் ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் அல்லவா, அதில் ஒரு பங்கு அப்போது 100 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். டீச்சர் ஒரு நோட்டுப் போட்டு எங்கள் லயத்தில் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று கணக்கு வைத்திருந்தார். கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் அவர் வீடு இருந்ததால்தான் எங்கள் அப்பாவுக்கு ஒரு பங்காவது மிஞ்சியது.

வீட்டிலும் அவருக்கு ஓய்வில்லை. படுக்கையில் விழுந்த மாமியாருக்குக் கஞ்சி ஊட்ட ஓய்வு மணி அடித்ததும் ஓடுவார், வகுப்புக்குத் திரும்பும்போது முந்தானை ஈரமாக இருக்கும். தம்பிகளின் படிப்புக்காகச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது ஊருக்கே தெரியும். மீட்டுக் கொடுத்தார்களா என்று நான் கேட்டதில்லை, அவர் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம், சரி. அந்தத் தம்பிகளையும் மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளில் 55 வயதில் ஓய்வு பெற்றார். தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயங்களை இடித்தார்கள், சனம் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டது. அவரும் ஒரு வரிசை வீட்டுக்குப் போனார், கூடவே படிவக் கட்டும் போனது. 2011-இல் அடையாள ஆவணம் இல்லாத இந்தியர்களுக்காக மைடஃப்தார் என்ற அரசுப் பதிவு நடந்தபோது எழுபது தாண்டிய அவர் வாசல் மேசையில் உட்கார்ந்து, அடையாள அட்டையே இல்லாத பேரப்பிள்ளை வயதுக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் திருமணத்தைப் பதியாமல் விட்ட வினை அது. "பத்திரிகை அடிச்சுக் கல்யாணம் பண்ணத் தெரியுது, பதியத் தெரியலையா?" என்று அவர்களுக்கும் திட்டு விழுந்ததாம்.

இப்போதும் சனிக்கிழமை காலையில் அந்த மேசை இருக்கிறது. கண் சரியில்லை, பேத்தி எழுத டீச்சர் சொல்லுகிறார். ஊருக்குப் போகிறவர்கள் சாக்லேட் வாங்கிப் போகாதீர்கள், அவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது, திட்டுவார். ஏ4 தாள் இரண்டு கட்டு போதும், கறுப்பு மைப் பேனாவும் கொஞ்சம். நீல மை வேண்டாம், அதைத் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.