சமூகவியல் இறுதியாண்டு: முறையியல் தாள், ஆய்வுக்கட்டுரை, வைவா

போன கிழமை ரிசல்ட் வந்துவிட்டது. செக்கண்ட் அப்பர், அதாவது இரண்டாம் வகுப்பு மேல்நிலை. ஆய்வுக்கட்டுரைக்கு ஏ. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒரு மாதம் போனால் பொதுவான புத்திமதிதான் மிஞ்சும். ஆய்வு முறையியல் தாளும் வைவாவும் (வாய்மொழிப் பரீட்சை) இன்னும் எஞ்சியிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

என் தலைப்பு அம்பாறை மாவட்டத்து மருதமுனைக் கைத்தறி நெசவாளர்களின் வாழ்க்கை நிலையும் வேலை நிலையும். பெரியகல்லாற்றிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம் என்பதும் ஒரு காரணம். தூரத்து ஊரை எடுத்தால் இரண்டாம் தடவை போகச் சோம்பல் வரும். இரண்டாம் தடவை போகாமல் நல்ல தரவு கிடைக்காது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நேற்றா, போன கிழமையா, போன மாதமா, ஒரு வருடமா? எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கோட்பாட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என் பிரிவில் இருந்தார்கள்.

பழைய வினாக்கொத்துகளில் எல்லாம் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி இருக்கும். தறியில் இருக்கிறவரிடம் அதைக் கேட்டால் ஒரு முழு எண்ணைச் சொல்லுவார், பக்கத்து வீட்டிலும் அதே எண்தான் வரும். அவர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது, துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் நான் கேட்டது இப்படி: கடைசியாக எப்போது சாரன் கொடுத்தீங்க? எத்தனை? ஒன்றுக்கு எவ்வளவு தந்தாங்க? அடுத்த நூல் வரும்வரை தறி எத்தனை நாள் சும்மா கிடந்தது? வேலை நேரத்துக்கும் அதே முறைதான். "நேற்று எத்தனை மணிக்கு எழும்பினீங்க" என்று தொடங்கி, இரவு படுக்கும் வரை மணிமணியாகக் கேட்டேன். ஒரு ராத்தா என்னைத் திருப்பிக் கேட்டார்: "தறியில இருந்த நேரத்தக் கேக்கிறீங்களா மகள், நூல் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்த நேரத்தையும் சேர்த்துக் கேக்கிறீங்களா?" என் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்தான்.

தாளிலும் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை ஆய்வில் குறிப்புக் காலம், அதாவது கேள்விகள் எந்தக் காலத்தைப் பற்றியவை என்பது, ஒரு கிழமை. 15 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் அந்தக் கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே தொழிலில் உள்ளவர். வீட்டு வருமான செலவின ஆய்வில் உணவுச் செலவு ஒரு கிழமைக்குப் பதிவாகும். இதை மனப்பாடமாக எழுதுவதில் பயனில்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையும் பெருநாள் முடிந்த கிழமையும் ஒரே வீட்டை எப்படி வேறுவேறாகக் காட்டும் என்று எழுதுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் கூலி வேலையை எடுத்தால் பெரும்போக அறுவடையும் அதற்குப் பிந்திய வெறும் மாதங்களும். கோட்பாடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரித்து எழுதும் விடைகளைப் பரீட்சகர்கள் நிறையப் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

வரலாற்றுக் கேள்வி வந்தால் நான் இரண்டு ஆய்வுகளோடு நிறுத்திக்கொள்வேன். வறுமையை ஆராய்ந்த ரவுன்ட்ரி 1899இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வீடு வீடாக ஆய்வு செய்தார். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் உடல் பலத்தோடு இருக்க மட்டும் கிழமைக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டார். 1936இல் அதே ஊருக்குத் திரும்பியபோது அந்த வறுமைக் கோட்டின் அளவையே உயர்த்தினார். அடுத்தது, 1933இல் வெளியான மரியென்தால் ஆய்வு. ஆலை மூடப்பட்ட அந்த ஆஸ்திரியக் கிராமத்தில், வேலை இழந்தவர்கள் தெருவில் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் என்றுகூட ஆய்வாளர்கள் கடிகாரம் வைத்து அளந்தார்கள். இந்த இரண்டையும் விளங்கிப் படித்தால் போதும், பத்துப் பெயர் தேவையில்லை.

வைவா. என்னை அதிக நேரம் வைத்திருந்த கேள்வி: "உங்கள் நெசவாளர் ஊழியரா, சுயதொழிலாளியா?" தறி அவருடைய வீட்டில் இருக்கிறது, நூல் முதலாளியுடையது, கூலியைத் தீர்மானிப்பதும் முதலாளி. தொழிற்படை ஆய்வில் நான்கு வகைதான்: ஊழியர், தொழில்தருநர், சுயதொழிலாளி, ஊதியமற்ற குடும்ப உழைப்பாளி. நூல் சுற்றிக் கொடுக்கும் மகள் நான்காவதில் விழுவார். தறியில் நெய்யும் தாய்? 2018இல் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு இப்படிப்பட்டவர்களுக்காகவே சார்பு ஒப்பந்தக்காரர் என்ற வகையைச் சேர்த்தது. அதைச் சொன்னேன். அதோடு விடாமல், இந்த வகைப்படுத்தலால் யாருக்கு என்ன கிடைக்கும் என்றும் சொன்னேன். ஊழியர் என்றால் 1958ஆம் ஆண்டு சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி என்ற ஓய்வுகாலச் சேமிப்பு உண்டு, சம்பளத்தில் அவர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். சுயதொழிலாளி என்று எழுதினால் அது இல்லை. படிவத்தில் போடும் ஒரு புள்ளடி அறுபது வயதில் அந்தப் பெண்ணின் கையில் காசு இருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சமூகக் கொள்கைக்கு ஆய்வு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல விடை இல்லை.

வேலை நிலையை எந்தச் சட்டகத்தை வைத்து அளந்தேன் என்றும் கேட்டார்கள். டப்ளினில் 1975 முதல் இயங்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஃபவுண்ட் நிறுவனத்தின் வேலை நிலை ஆய்வில் தொழிலின் தரத்துக்கு ஏழு பரிமாணங்கள் உண்டு: பௌதிகச் சூழல், வேலைச் செறிவு, வேலை நேரத்தின் தரம், சமூகச் சூழல், திறனும் சுயமுடிவும், எதிர்கால வாய்ப்பு, வருமானம். அரசு, தொழில்தருநர், தொழிலாளர் மூன்று தரப்பும் அதன் நிர்வாகத்தில் இருப்பதையும் குறிப்பிட்டேன். ஏழையும் அப்படியே மருதமுனைக்குத் தூக்கி வரவில்லை. நூல் காத்திருப்பை நானே சேர்த்தேன், பதவி உயர்வுக் கேள்விகளை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், காரணம் கையில் இருக்கட்டும்.

சட்டென்று சில:

- மாதிரிச் சட்டகம் (மாதிரியைத் தெரிவு செய்வதற்கான முழுப் பெயர்ப் பட்டியல்) கிடைக்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஓர் அலுவலகம் நெசவாளர் பட்டியல் தருவதாகச் சொல்லிச் சொல்லியே என்னை அலைய வைத்தது, கடைசிவரை தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. தெருத் தெருவாக நடந்து, தறிச் சத்தம் கேட்ட வீடுகளை நானே பட்டியல் போட்டேன். வைவாவில் அதைத்தான் பாராட்டினார்கள்.
- அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டம் பற்றிக் கேள்வி வந்தால் 2023, 22 குறிகாட்டிகள் என்று எழுதிவிட்டு நிற்காதீர்கள். வருமானம் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும் வீட்டை அவை எப்படிப் பிடிக்கும், எங்கே தவறவிடும் என்று எழுதுங்கள்.
- சர்வதேச தொழில் அமைப்பின் 177ஆம் சமவாயம் வீட்டில் இருந்தபடி கூலிக்கு உற்பத்தி செய்வோருக்கு, 189 வீட்டுப் பணியாளருக்கு. மாற்றி எழுதாதீர்கள்.
- கூட்டாகப் படிக்க வேண்டாம். நான் விடியற்காலையில் தனியே, கையால் எழுதிப் பார்த்துப் படிப்பவள். கூட்டத்தில் பேச்சுத்தான் நடக்கும்.
- எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் தரும் அட்டவணைகளை அள்ளிக் கொட்டாதீர்கள். வாய்விட்டு விளக்க முடியாத அட்டவணையை எடுத்துவிடுங்கள்.
- மேற்பார்வையாளரிடம் அத்தியாயத்தைக் கொடுக்கும்போது கேள்வியோடு கொடுங்கள். "சேர், பாருங்க" என்று கொடுத்தால் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும்.

நேர்காணலுக்குப் போகும்போது தறி ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். துண்டுக்குக் கூலி வாங்குகிறவரின் நேரத்தை எடுப்பது அவருடைய காசை எடுப்பதுதான். நான் பெரும்பாலும் அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் போனேன். சிலர் பேசிக்கொண்டே நெய்தார்கள், அந்தச் சத்தத்தோடு பதிவு செய்ததைத் திரும்பக் கேட்டு எழுதுவது கஷ்டம். ஆகவே பதிவை மட்டும் நம்பாமல் குறிப்பும் எடுங்கள்.

என் வினாக்கொத்தும் நேற்றைய நாள் அட்டவணையும் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். நிரப்பிய தாள்களைத் தரமாட்டேன். அவற்றில் முதலாளி தரும் கூலி எழுதியிருக்கிறது, யார் சொன்னார் என்று வெளியே போனால் அடுத்த கிழமை அந்த வீட்டுக்கு நூல் வராது.